அவள் கேட்காத தியாகம்

ஒருதலைக் காதலில் மனம் உடைந்து கவுன்சலிங் வருபவர்களிடம், "அவங்களுக்காக என்னென்ன விட்டுக்கொடுத்தீங்க?" என்று கேட்பேன். நல்ல வேலை, நண்பர்கள், கடன் வாங்கிக் கொடுத்த பரிசுகள் என்று அடுக்குவார்கள். "இதையெல்லாம் அவங்க கேட்டாங்களா?" என்றால் தலை குனியும்.

ஊமைப்படங்களில் இந்த மனநிலையை டாட் பிரௌனிங் இயக்கிய 'தி அன்நோன்' (1927) அளவுக்குத் துல்லியமாகக் காட்டியது வேறொன்றை நான் பார்த்ததில்லை. கதை நடப்பது மேட்ரிட் சர்க்கஸில். அலோன்சோவாக லான் சேனி. போலீஸுக்குப் பயந்து கைகளை உடம்போடு இறுக்கிக் கட்டி, கையில்லாதவனாக நடித்துக் காலால் கத்தி வீசுகிறான். முதலாளியின் மகள் நானோனுக்கு (ஜோன் கிராஃபோர்ட்) ஆண்களின் கை பட்டாலே நடுக்கம். கையில்லாதவன் என்ற நம்பிக்கையில் இவனிடம் மட்டும் ஒட்டுதலாகப் பழகுகிறாள். அதைக் காதல் என்றே நினைத்தவன், ஒரு டாக்டரை மிரட்டி இரு கைகளையும் நிஜமாகவே வெட்டிக்கொள்கிறான்.

குணமாகித் திரும்பினால், நானோனின் பயம் போயிருக்கிறது. பலசாலி மலபாரின் கைகளுக்குள் நின்றபடி கல்யாணச் செய்தி சொல்கிறாள். மெலிந்திருக்கிறாயே என்று வேறு விசாரிக்கிறாள், பாவம், ஒன்றும் தெரியாமல்! அலோன்சோ சிரிக்கத் தொடங்குகிறான். நமக்காகத்தான் சந்தோஷப்படுகிறான் என்று அவர்களும் கூடச் சிரிக்கிறார்கள். சேனியின் முகத்தில் அந்தச் சிரிப்பு கோணி, அழுகையாகி, ஓலமாகிறது. சத்தமே இல்லாத படத்தில் அந்த ஓலம் நமக்குக் கேட்கும்.

எனக்குப் பயம் தருவது அதற்குப் பிறகு வருவது. குதிரைகளை வைத்து மலபார் செய்யும் வித்தையில் சதி செய்து, அவன் கைகளைப் பிய்த்தெறியப் பார்க்கிறான் அலோன்சோ. கடைசியில் குதிரையின் காலடியில் சாவது அலோன்சோதான்.

காதல் மறுக்கப்பட்ட துக்கம் இயல்பானது. அழுகை, பசியின்மை, தூக்கமின்மை பெரும்பாலும் நாளாக ஆகத் தணியும். "இவ்வளவு செஞ்சேனே, எனக்கு என்ன பதில்?" என்ற கணக்கு தொடங்கும்போதுதான் நான் உஷாராவேன். பின்தொடர்வது, நள்ளிரவில் ஓயாமல் கூப்பிடுவது, "செத்துடுவேன்" என்று மிரட்டுவது எல்லாம் அந்தக் கணக்கின் வட்டி. "விடாம ட்ரை பண்ணு மச்சி" என்று தூபம் போடும் நண்பர்களுக்கும் இதில் பங்குண்டு.

சாவைப் பற்றிப் பேசினால் சும்மா மிரட்டுகிறான் என்று விட்டுவிடாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் நண்பர்களும்கூட அழைக்கலாம்.