யூரின் ட்யூபுக்குள்ள ஒரு ஊரே குடியிருக்கு

ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரமா யூரின் ட்யூப் இருந்துச்சாம், நடுவுல குளிர்ஜுரம் வந்து ஆன்டிபயாடிக் போட்டாங்க, இறங்கிடுச்சு, கோர்ஸ் முடிஞ்ச நாலாவது நாள் திரும்ப அதே ஜுரம். இந்த தடவை வேற ஒரு டாக்டர் வந்து பாத்துட்டு, முதல்ல ட்யூபை எடுங்க, புதுசு போட்டு அதுல வர்ற யூரினை கல்ச்சருக்கு (என்ன கிருமின்னு லேப்ல வளத்துப் பாக்குற டெஸ்ட்) அனுப்புங்க, அப்புறமா மருந்தைப் பாக்கலாம்னுட்டாராம். "ட்யூப் நல்லா தானே ஓடிட்டு இருந்துச்சு, அதை ஏன் மாத்தணும்? பழைய ட்யூப்லயே யூரின் வருதே, அதை அனுப்புனா ஆகாதா? பில்லை ஏத்துற வேலையா இது?"

இல்லைங்க. அந்த டாக்டர் கில்லாடி. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் சுத்தி வளைச்சு வருவேன், பொறுத்துக்கோங்க, ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

ஆஸ்பத்திரிக்கு வேற எதுக்கோ போய் படுத்த இடத்துல புதுசா ஒரு தொற்று வர்றது அபூர்வமான விஷயம் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022ல போட்ட அறிக்கைப்படி, அட்மிட் ஆகுற 100 பேர்ல பணக்கார நாடுகள்ல 7 பேருக்கு, மத்த நாடுகள்ல 15 பேருக்கு, இப்படி குறைஞ்சது ஒரு தொற்றாவது வருது. கை கழுவணும், க்ளவுஸ் மாத்தணும், அதெல்லாம் உங்களுக்கே தெரியும், டாக்டர்களைக் கை கழுவச் சொன்ன செம்மல்வைஸ் கதையும் நூறு தடவை கேட்டிருப்பீங்க, அதைத் தாண்டிடலாம். நான் பேச வந்தது ட்யூபைப் பத்தி. மூத்திரப்பைக்குள்ள போற ட்யூப், கழுத்து ரத்தக்குழாய்ல போடுற சென்ட்ரல் லைன், மூச்சுக்குழாய்ல வைக்கிற வென்டிலேட்டர் ட்யூப், இது மூணும் தான் ஐசியூ தொற்றுகள்ல பெரிய பங்கு வாங்குறது. மூணுக்கும் பொதுவான விஷயம் ஒண்ணே ஒண்ணு: வெளிய இருக்குற உலகத்துக்கும் உள்ள இருக்குற உடம்புக்கும் நடுவுல உயிரில்லாத ஒரு பாலம்.

நம்ம உடம்பு மூத்திரப்பையை எப்படி சுத்தமா வச்சுக்குதுன்னா, பெருசா ஒண்ணும் இல்ல, அடிச்சுத் தள்ளிடுது. ஒவ்வொரு தடவை போகும்போதும் உள்ள ஏறி வந்த பாக்டீரியா வெள்ளத்துல போற மாதிரி வெளிய போயிடும். ட்யூப் போட்டா அந்த வெள்ளம் நின்னு போயி சொட்டு சொட்டா வடியுற கதை ஆயிடும். போதாததுக்கு ட்யூபோட நுனியில ஒரு சின்ன பலூன் இருக்கும், வெளிய நழுவாம இருக்க தண்ணி விட்டு ஊத வச்சிருப்பாங்க, அந்த பலூனுக்குக் கீழ எப்பவும் கொஞ்சம் யூரின் தேங்கி நிக்கும். தேங்குன தண்ணியில என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். ட்யூப் இருக்குற ஒவ்வொரு நாளும் 100க்கு 3ல இருந்து 7 பேருக்கு புதுசா யூரின்ல பாக்டீரியா வந்துடும், ஒரு மாசம் ஆச்சுன்னா கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கும், எவ்ளோ சுத்தமான ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி.

இப்ப நம்ம ஹீரோவுக்கு வருவோம். ஹீரோன்னா வில்லன் தான்.

கிச்சன் சிங்க் ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பாத்திருக்கீங்களா, வழவழன்னு ஒண்ணு ஒட்டிட்டு வரும். காலையில பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி நாக்கால பல்லைத் தடவுனா ஒரு படலம் தட்டுப்படும். ரெண்டும் ஒரே ஜாதி சமாச்சாரம் தான், பேரு பயோஃபிலிம். பாக்டீரியான்னா நமக்கு ஸ்கூல் புக்ல போட்ட மாதிரி தனித்தனியா நீந்துற குச்சியும் உருண்டையும் தான் ஞாபகம் வரும், ஆனா நிஜத்துல அதுங்க பெரும்பாலும் அப்படி வாழ்றதே இல்ல, எங்கயாவது ஒட்டி, கூட்டமா, தானே கக்குன கோந்துக்குள்ள புதைஞ்சு தான் வாழும். 1680கள்லயே லேவன்ஹுக்னு ஒரு டச்சுக்காரர் தன் பல்லுல இருந்து சுரண்டி எடுத்து லென்ஸ்ல பாத்து இந்தக் குட்டி ஜீவன்களை எழுதி வச்சாரு, அவரு இன்னொண்ணும் பண்ணாரு: வினிகரால வாயைக் கொப்பளிச்சுப் பாத்தாரு. படலத்தோட வெளிப்பக்கம் இருந்தது மட்டும் தான் செத்துச்சு, வினிகர் உள்ள வரைக்கும் இறங்கவே இல்லன்னு எழுதிட்டாரு. ஆன்டிபயாடிக் கண்டுபிடிக்க இன்னும் ரெண்டரை நூற்றாண்டு இருக்கு, அதுக்குள்ள அது எப்படித் தோக்கும்னு ஒருத்தர் பாத்து முடிச்சாச்சு!

ட்யூப் உள்ள போன சில நிமிஷத்துலயே அதுமேல உடம்போட புரதங்கள் படிய ஆரம்பிச்சிடும். ட்யூப் உரசி மூத்திரப்பை சுவர் புண்ணாகுறதால ஃபைப்ரினோஜென்னு ஒரு புரதம் கசியும், ரத்தம் உறைய உதவுற அதே ஆளு தான், அது போய் ட்யூப் மேல பெயிண்ட் அடிச்ச மாதிரி படிஞ்சிடும். என்டரோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியாவுக்கு இந்த ஃபைப்ரினோஜெனைப் புடிச்சுத் தொங்குறதுக்குன்னே மேல நீட்டிட்டு இருக்குற மயிர் மாதிரி ஒரு கொக்கி இருக்கு. ஆக வெறும் பிளாஸ்டிக்ல வழுக்கி விழுந்திருக்க வேண்டியவனுக்கு நம்ம உடம்பே கைப்பிடி போட்டுக் குடுக்குது.

முதல்ல வந்து ஒட்டுறது சும்மா தொட்டுப் பாக்குற மாதிரி தான், பிடிக்கலன்னா கிளம்பிடும். உக்காரலாம்னு முடிவு பண்ணிட்டா நீந்துற வாலைக் கழட்டிப் போட்டுட்டு கோந்து கக்க ஆரம்பிக்கும். அந்தக் கோந்துல பெரும்பங்கு தண்ணி, மிச்சம் சர்க்கரைச் சங்கிலி, புரதம், அப்புறம் செத்துப்போன சொந்தக்காரங்களோட டிஎன்ஏ. ஆமா, டிஎன்ஏவை எடுத்து கட்டடத்துக்குக் கம்பி மாதிரி போட்டுக்கும். எனக்கு இதை முதல்ல படிச்சப்ப புல்லரிச்சிருச்சு.

சரி, எப்ப கோந்து கக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? தனியா ஒருத்தன் கக்குனா வேஸ்ட். இங்க தான் ஆட்கணக்கு எடுக்குற வேலை வருது. ஒவ்வொரு பாக்டீரியாவும் சின்னதா ஒரு ரசாயனத்தை வெளிய விட்டுட்டே இருக்கும், ஆள் கம்மியா இருந்தா அது தண்ணியில கரைஞ்சு காணாமப் போயிடும், ஆள் சேர சேர அளவு ஏறும், ஒரு அளவைத் தாண்டுனதும் எல்லாரோட ஜீனும் ஒண்ணா ஸ்விட்ச் ஆகும். "போதுமான பேர் வந்தாச்சு, வேலையை ஆரம்பிங்கடா"ன்னு யாரும் தலைவன் இல்லாமலே முடிவு ஆயிடுது. இதுக்குப் பேர்போன உதாரணம் கிடைச்சது நோய்க்கிருமியில இல்ல, வெளிச்சம் விடுற ஒரு கடல் பாக்டீரியாவுல. 1970ல நீல்சன், ஹேஸ்டிங்ஸ் கூட்டாளிங்க எழுதுனாங்க, கூட்டம் சேர்ற வரைக்கும் இருட்டு, சேர்ந்ததும் பளிச். கடல்ல மின்னுற பாக்டீரியாவைப் பாத்துட்டு இருக்குறவனுக்கு எதுக்குய்யா ஆராய்ச்சிக் காசுன்னு அன்னைக்கு யாராவது கேட்டிருந்தா, இன்னைக்கு ட்யூப்ல நடக்குறது நமக்குப் பாதி புரிஞ்சிருக்காது. நிதி குடுக்குற இடத்துல உக்காந்துட்டு "இதனால உடனே என்ன பிரயோஜனம்"னு கேக்குறவங்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும், அது தனிக் கதை.

இப்ப மருந்துக்கு வருவோம், ஏன் வேலை செய்யலன்னு. நிறைய பேரு நினைக்கிறது கோந்து தடுக்குது, மருந்து உள்ள போகல, அவ்ளோதான்னு. அது பாதி உண்மை. சில மருந்து கோந்துல மாட்டிக்கும் தான், ஆனா பல மருந்து நல்லாவே உள்ள இறங்கிடும், இறங்கியும் கொல்லாது. சூட்சுமமே அங்க தான்.

படலத்தோட மேல் அடுக்குல இருக்குறவனுக்கு சாப்பாடு, ஆக்சிஜன் எல்லாம் கிடைக்கும், நல்லா வளருவான், பெருகுவான். அடியில இருக்குறவனுக்கு மேல உள்ளவங்க தின்னது போக மிச்சம் தான், பட்டினி. பட்டினியில வளர முடியாது, அதனால எல்லா வேலையையும் நிறுத்திட்டு சுருண்டு படுத்துக்குவான். இப்ப பென்சிலின் எப்படிக் கொல்லுதுன்னு யோசிங்க. பாக்டீரியா தன்னைச் சுத்தி சுவர் கட்டும்போது செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவுல பூச்சு பிடிக்காமப் பண்ணிடும், சுவர் வலுவில்லாம உள்ள இருக்குற அழுத்தத்துல வெடிச்சுச் சாகும். அருமையான ஆயுதம். ஆனா சுவரே கட்டாம தூங்கிட்டு இருக்குறவனை அது என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. வேலை செய்றவனைத் தான் கொல்லும், சோம்பேறி தப்பிச்சிடுவான்.

1944லயே ஜோசப் பிக்கர்னு ஒருத்தர் இதைப் பாத்துட்டாரு. ஸ்டாஃபிலோகாக்கஸ்ங்கிற பாக்டீரியா மேல பென்சிலினை எவ்ளோ ஊத்துனாலும் பத்து லட்சத்துல ஒண்ணு மாதிரி கொஞ்சம் பேரு சாகாம நிப்பாங்க. சரி, எதிர்ப்பு சக்தி வந்த ரகம் போலன்னு அதை எடுத்து வளத்துப் பாத்தா, அதோட பிள்ளைங்க எல்லாம் பென்சிலினுக்கு ஒழுங்கா சாகுறாங்க! ஜீன்ல ஒரு மாத்தமும் இல்ல. மருந்து வந்த நேரத்துல தூங்கிட்டு இருந்தான், அவ்ளோதான். அவரு இவங்களுக்கு பெர்சிஸ்டர்னு பேரு வச்சாரு. ரெசிஸ்டன்ஸ்னு நியூஸ்ல கேக்குறோமே அது வேற, இது வேற, லேப் ரிப்போர்ட்ல "இந்த மருந்து கேக்கும்"னு வரும், அது பொய்யும் இல்ல, ஆனா பேஷன்ட்டுக்கு கேக்காது. ரிப்போர்ட் சொல்றது முழிச்சுட்டு மிதக்குறவனைப் பத்தி. படலமா இருக்கும்போது அதே பாக்டீரியாவைக் கொல்ல 100 மடங்கு, சில நேரம் 1000 மடங்கு மருந்து தேவைப்படும், அவ்ளோ குடுத்தா பாக்டீரியாவுக்கு முன்னாடி ஆளு போயிடுவாரு.

நம்ம வெள்ளை அணுக்களும் அங்க போய் நின்னு பாத்துட்டு முழுங்க முடியாம, கையில இருக்குற ஆசிடை எல்லாம் அங்கயே கொட்டிட்டு வரும், அதுல நம்ம திசு தான் வெந்து போகும்.

ஆக அந்த அம்மாவுக்கு நடந்தது என்ன? படலத்துல இருந்து பிச்சுக்கிட்டு மிதந்து வந்த கூட்டத்தை ஆன்டிபயாடிக் கொன்னுடுச்சு, ஜுரம் விட்டுச்சு. மருந்தை நிறுத்துனதும் ட்யூப் சுவர்ல தூங்குனவன் முழிச்சான், சாப்பிட்டான், பெருகுனான், திரும்ப ஒரு கூட்டத்தை அனுப்பி வச்சான். டாக்டருக்கு ராசி இல்ல, அந்த ஆஸ்பத்திரிக்கே ராசி இல்ல, நேரம் சரியில்லன்னு எல்லாம் பேசுவாங்க. நேரம் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ட்யூப் தான் உள்ள இருந்துச்சு.

நடுவுல ஒருத்தனைப் பத்தி சொல்லாம போக மனசு வரல, புரோட்டியஸ். உருவம் மாத்துற கிரேக்கக் கடல் தெய்வத்தோட பேரை 1885ல ஹவுசர்ங்கிறவர் வச்சாரு, பொருத்தமான பேரு, ஏன்னா இது தட்டையான பரப்பு கிடைச்சா சட்டுனு நீளமா மாறி கும்பலா அலை அலையா ஊர்ந்து போகும். இவன் கிட்ட யூரியேஸ்னு ஒரு என்சைம், யூரியாவை உடைச்சு அம்மோனியா ஆக்கிடும். யூரின் காரத்தன்மைக்கு மாறும், அதுல கரைஞ்சிருந்த மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டோட சேந்து கல்லா படியும். அதாவது கோந்து ஊரைக் கல்லுக் கோட்டையா மாத்திடுவான், ட்யூப் உள்ளயே அடைச்சுக்கும். சில பேருக்கு ட்யூப் திரும்பத் திரும்ப அடைக்குதுன்னா தண்ணி குடிக்கலன்னு அவங்களைத் திட்டாதீங்க, இவன் இருக்கானான்னு பாக்கச் சொல்லுங்க.

சரி, ஒட்டாத ட்யூப் செஞ்சுட்டா? முயற்சி பண்ணியாச்சு. வெள்ளி பூசின ட்யூபை பிரிட்டன்ல 7,000 பேருக்கு மேல சேத்து ஒரு பெரிய சோதனையில பாத்தாங்க, 2012ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு, உருப்படியான லாபம் இல்ல. ஆனா காசே செலவில்லாத ஒண்ணு வேலை செஞ்சுது: தேவை முடிஞ்சதும் எடுத்துடுறது. கேக்க சில்லறையா இருக்கும். 2000ல அமெரிக்காவுல சஞ்சய் செய்ன்ட் குழு ஒரு ஆய்வு பண்ணாங்க, டாக்டர்களைக் கூப்பிட்டு உங்க பேஷன்ட்டுக்கு யூரின் ட்யூப் இருக்கான்னு கேட்டாங்க, இருந்த கேஸ்கள்ல 28 சதவீதம் டாக்டருக்கே தெரியல. போட்டாங்க, மறந்துட்டாங்க. பின்னாடி பல ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தப்ப, "இன்னும் தேவையா?"ன்னு தினமும் ஞாபகப்படுத்துற ஒரு சீட்டோ, குறிச்ச நாள்ல எடுத்துடலாம்னு நர்ஸுக்கு ஒரு அதிகாரமோ குடுத்தாலே இந்த தொற்று பாதிக்குப் பாதி குறையுதுன்னு தெரிஞ்சுது. சென்ட்ரல் லைனுக்கும் இதே கதை தான், அமெரிக்காவோட மிச்சிகன் மாகாணத்து ஐசியூக்கள்ல ப்ரோனவோஸ்ட்னு ஒரு டாக்டர் அஞ்சே அஞ்சு விஷயம் உள்ள ஒரு செக்லிஸ்ட் குடுத்தாரு, கை கழுவுறது முதல் தேவையில்லாத லைனை எடுக்குறது வரைக்கும், 1000 லைன் நாளுக்கு (ஒரு லைன் ஒரு நாள் உள்ள இருந்தா அது ஒரு லைன் நாள்) 2.7 தொற்றுன்னு இருந்த நடுமதிப்பு மூணே மாசத்துல பூஜ்யம் ஆச்சு. புது மருந்துக்குக் கோடி கோடியா கொட்டுறவங்க ஒரு துண்டுச் சீட்டுக்குப் பத்துல ஒரு பங்கு குடுக்க மாட்டாங்க, ஏன்னா சீட்டுக்குப் பேட்டன்ட் கிடையாது.

ட்யூப் இருந்தே ஆகணும்னா, பை எப்பவும் மூத்திரப்பையை விடக் கீழ இருக்கணும், ஆனா தரையைத் தொடக் கூடாது, ட்யூபையும் பையையும் சேத்திருக்குற இணைப்பைச் சும்மா கழட்டிக் கழட்டி மாட்டக் கூடாது. நிறம் மாறுது, கலங்குதுன்னு மட்டும் ஆன்டிபயாடிக் கேக்காதீங்க, ஜுரம் வலி எதுவும் இல்லாம யூரின்ல பாக்டீரியா மட்டும் இருந்தா பெரும்பாலும் மருந்தே வேணாம் (கர்ப்பிணிங்களுக்கும், யூரின் பாதையில ஆபரேஷன் பண்ணப் போறவங்களுக்கும் கணக்கு வேற).

கடைசியா அந்தப் பழைய ட்யூப் யூரின் விஷயம். மூணு வாரப் பழைய ட்யூப் வழியா வர்ற யூரின், அந்த ஊரை முழுக்கக் கழுவிக்கிட்டுத் தான் வெளிய வரும். அதை லேபுக்கு அனுப்புனா மூணு நாலு கிருமி பேரு வரும், அதுல எவன் மூத்திரப்பைக்குள்ள போய் ஜுரத்தைக் கிளப்புனவன், எவன் சும்மா ட்யூப் சுவர்ல வாடகைக்கு இருந்தவன்னு பிரிச்சுப் பாக்க வழியே இல்ல, எல்லாருக்கும் சேத்து மருந்து எழுத வேண்டி வரும். ட்யூப் ரெண்டு வாரத்தைத் தாண்டியிருந்தா எடுத்துட்டு, இன்னும் தேவைன்னா புதுசு போட்டு, அந்தப் புது ட்யூப்ல முதல்ல வர்றதை அனுப்பணும்ங்கிறது அதனால தான். அந்த டாக்டர் மருந்தை நிறுத்தி வச்சுட்டு ட்யூபுக்குக் கை வச்சாரு பாருங்க, அதே வரிசை.