விசில் அடிக்கலாம், வெளிச்சம் அடிக்கக் கூடாது

தியேட்டர் ஒழுக்கம் என்று பேச்செடுத்தாலே விசிலையும் கைத்தட்டலையும்தான் முதலில் கூண்டில் ஏற்றுகிறார்கள். ஆபரேட்டர் ரூமிலும் மேடைக்குப் பின்னாலும் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் பட்டியல் வேறு மாதிரி வரும். விசில் அதில் கடைசியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. முதலிடம் செல்போன் வெளிச்சத்துக்கு. அடுத்தது நெருப்பு.

முதல் நாள் முதல் காட்சிக்கு வருகிறவர் சத்தம் போடத்தான் வருகிறார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார். ஹீரோ முகம் தெரிந்ததும் வசனம் வைக்காமல் கொஞ்ச நேரம் விட்டுத்தான் எடிட் செய்கிறார்கள். வசனம் ஒழுங்காகக் கேட்க வேண்டுமென்றால் இரண்டாவது வாரம், வேலை நாள் மதியக் காட்சி. டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கும். ஆக, சத்தத்துக்கு ஆள் பார்த்து, நாள் பார்த்து இடம் உண்டு. வெளிச்சத்துக்கு எந்த நாளும் இடமில்லை.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. டிஜிட்டல் சினிமாவுக்கான தரப்படி, திரையில் முழு வெள்ளை வரும்போது அதன் பிரகாசம் 48 நிட்ஸ்தான் (நிட் என்பது திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). 3டி படமென்றால் கண்ணாடி வழியாகக் கண்ணுக்கு வருவது பெரும்பாலும் 15 நிட்ஸ் அளவு. இருட்டில் நடக்கும் காட்சிகளில் திரையின் பெரும்பகுதியில் ஒரு நிட் கூட இருக்காது. கையில் இருக்கும் போன் முழு வெளிச்சத்தில் சாதாரணமாகவே 400, 500 நிட்ஸ் தரும். அதாவது திரையின் மிக வெள்ளையான இடத்தைவிடப் பத்து மடங்கு. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதைக் கெடுக்க ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். நீங்கள் போனை மடியில் மறைத்து வைத்துப் பார்ப்பதாக நினைப்பீர்கள். உங்களுக்குப் பின்னால் படியேறிப் போகும் ஏழெட்டு வரிசைக்கும் அது நேராகத் தெரியும், ஏனென்றால் அவர்கள் உட்கார்ந்திருப்பது உங்கள் தலைக்கு மேலே.

ஆகவே உள்ளே நுழையும் முன்பே ஏரோப்ளேன் மோடு. மனசு கேட்கவில்லையென்றால் குறைந்தபட்சம் டோன்ட் டிஸ்டர்ப் போட்டு, வெளிச்சத்தை அடி மட்டத்துக்கு இறக்கி, டார்க் மோடு வைத்து, திரை கீழே பார்க்கும்படி பையில் போட்டுவிடுங்கள். ஸ்மார்ட் வாட்ச்தான் பலரும் மறப்பது. மணிக்கட்டைத் திருப்பினால் எரியும் வாட்ச், நீங்கள் கைதட்டும்போதெல்லாம் எரியும். பல வாட்சுகளில் தியேட்டர் மோடு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், நீங்களாகத் தொட்டாலோ பட்டனை அழுத்தினாலோ தவிர எரியாது. டாக்டர் மாதிரி அழைப்பை எடுத்தே ஆக வேண்டிய வேலையில் இருப்பவர்கள் நடைபாதை ஓர சீட்டாகப் பார்த்து புக் செய்துகொள்ளலாம். வைப்ரேஷன் வந்ததும் போனை எடுக்காமல் எழுந்து வெளியே போய்ப் பேசலாம்.

பாட்டு வந்ததும் எல்லோரும் போன் டார்ச்சை எரித்து ஆட்டும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திரை என்பது மேலே விழும் எந்த வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பும் வெள்ளைத் துணி மாதிரி. புரொஜெக்டரால் கறுப்பைப் போட முடியாது, வெளிச்சத்தைக் குறைக்கத்தான் முடியும். ஐம்பது டார்ச் எரிந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், நிறம் வெளுத்துப் போகும். பிறகு “பிரிண்ட் டல்லா இருக்கு” என்று இண்டர்வெலில் புகார் வரும்.

இப்போது நெருப்பு. திரைக்கு முன்னால் ஏறி நின்று சூடம் காட்டுவதும், தேங்காயில் சூடம் வைத்துச் சுற்றுவதும் இன்னும் நடக்கிறது. அந்தத் திரை பிவிசி பிளாஸ்டிக். சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலத் துளைகள் அதில் லட்சக்கணக்கில் உண்டு. பின்னால் இருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் அவற்றின் வழியாகத்தான் வருகிறது. சுற்றிலும் கறுப்புத் துணி. பின்னால் மரச் சட்டம், ஒயர்கள், ஸ்பீக்கர்கள். கரி படிந்தால் துடைக்க முடியாது, கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்ட முடியாது. 3டிக்கான வெள்ளிப் பூச்சுத் திரையென்றால் விரல் பட்ட இடமே கறையாக நிற்கும். மொத்தத் திரையையும் மாற்றுவதுதான் ஒரே வழி.

அதைவிடப் பெரிய ஆபத்து சீட். உள்ளே இருக்கும் பாலியூரத்தேன் ஃபோம் எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷ வாயுக்கள் இருக்கும். டெல்லி உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். தீ பிடித்தது கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மரில். பால்கனியில் இருந்தவர்களைக் கொன்றது மேலே ஏறிய புகை. கூடுதல் சீட் போடுவதற்காக பால்கனியில் ஒரு பக்கத்து வழியை அடைத்திருந்தார்கள். அது நிர்வாகத்தின் குற்றம். ஆனால் 2023 நவம்பரில் மகாராஷ்டிராவின் மாலேகானில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பட்டாசும் ராக்கெட்டும் விட்டது ரசிகர்கள். ஏசி ஹாலில் புகை வெளியேற வழி குறைவு. இருட்டில் நூற்றுக்கணக்கானோர் ஒரே கதவைப் பார்த்து ஓடுவார்கள். சீட்டில் உட்கார்ந்ததும் பச்சை எக்ஸிட் போர்டு எந்தப் பக்கம் என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். நீங்கள் உள்ளே வந்த கதவு அருகில் இருக்கும் கதவாக இருக்க வேண்டியதில்லை.

பேப்பர் கிழித்து வீசுவது இந்த அளவு ஆபத்தில்லை. படிக்கட்டுக் கம்பளத்தில் விழுந்தால் இருட்டில் வழுக்கும் என்பதும், அடுத்த காட்சிக்கு முன் கிடைக்கும் கால் மணி நேரத்தில் அதைக் கூட்டுவது நாலைந்து பேர் என்பதும் தெரிந்தால் சரி.

பத்து நொடி ஸ்டேட்டஸ் வீடியோ விஷயத்துக்கு வருவோம். 2023 ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தப்படி, அனுமதியின்றித் திரையரங்கில் படத்தைப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்ச ரூபாயில் தொடங்கி, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். டிஜிட்டல் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை ஓடிக்கொண்டே இருக்கும். பதிவு போதிய நீளம் இருந்தால் எந்தத் தியேட்டர் சர்வர், எந்த நாள், எந்த நேரம் என்பதை அதிலிருந்து எடுத்துவிடலாம்.

நாடகத்துக்கு வந்தால் ஒழுங்கு முறையே மாறிவிடுகிறது, ஏனென்றால் எதிரில் இருப்பவர்களும் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சபா நாடகங்களில் மேடைக்கு மேலே தொங்கும் மைக்கும், மேடை விளிம்பில் தரையில் வைக்கும் மைக்கும் உண்டு. அந்த விளிம்பு மைக்குக்கு நடிகரைவிட முதல் வரிசை மாமா பக்கத்தில் இருக்கிறார். அவர் மனைவியிடம் “இந்தப் பொண்ணு அந்த டிவி சீரியல்ல வர்றவதானே” என்று கேட்பது ஹால் முழுக்க ஒலிக்கும். மைக் இல்லாத சின்ன அரங்கில் நிலைமை இன்னும் மோசம். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நடிகரின் குரல் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். அரங்கத்துச் சுவர்கள் கொஞ்சம் ஈடு செய்யும், அவ்வளவுதான். கடைசி வரிசைக்கு வருவதற்குள் அந்தக் குரலும் உங்கள் கிசுகிசுப்பும் ஒரே எடைக்கு வந்திருக்கும். மிட்டாய்த் தாளை மெதுவாகப் பிரிப்பதால் பயனில்லை. ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக ‘டிக்’ என்று விடுபடும்போது வருவதுதான் அந்தச் சத்தம். மெதுவாகப் பிரித்தால் அதே சத்தம் நீண்ட நேரம் கேட்கும், அவ்வளவே. இருமல் மிட்டாயை முன்கூட்டியே பிரித்துக் கைக்குட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே விளக்கு முழுக்க அணைந்ததும் நாடகம் நின்றுவிட்டதாக எண்ணிப் போனை எடுக்கிறவர்கள் ஏராளம். மேடையில் வேலை மும்முரமாக நடக்கும் நேரமே அதுதான். சோபா வெளியே போகும், கட்டில் உள்ளே வரும், நடிகர்கள் தரையில் ஒட்டிய ஒளிரும் டேப்பைப் பார்த்து இடம் பிடிப்பார்கள். அந்தச் சில நொடிகளில் ஒரு ஃபிளாஷ் அடித்தால் கண்ணுக்குள் பொட்டு நிற்கும், டேப் தெரியாது. விழுந்தால் காலுக்குத்தான் சேதம். தாமதமாக வருகிறவர்கள் உள்ளே நுழைந்து சீட் தேடவும் இந்த இருட்டை நம்பக் கூடாது. விளக்கு வந்து காட்சி நடக்கும்போது ஓரமாக நின்று, வழிகாட்டுபவர் சொல்லும் நேரத்தில் உட்கார வேண்டும். கச்சேரியில் மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீனுக்குக் கிளம்பும் பழக்கத்தை நாடகத்துக்கும் கொண்டுவந்து, கடைசிக் காட்சியில் கார் எடுக்க எழுகிறவர்களை என்ன சொல்வது?

தெருக்கூத்துக்கு இந்தக் கண்டிப்பு எதுவும் பொருந்தாது. விடிய விடிய நடக்கும். குழந்தை தூங்கும், நடுவில் போய் டீ குடித்துவிட்டு வரலாம், கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனே கூட்டத்தைச் சீண்டுவான். திறந்தவெளிக்கென்று பழகிய தொண்டை அது.

கடைசியாக, புகார் சொல்லும் முறை. யாராவது தொந்தரவு செய்தால் இருட்டில் சண்டை போடாமல் ஊழியரிடம் வரிசை எழுத்தையும் சீட் எண்ணையும் சொல்லுங்கள். சத்தம் பற்றிய குறையென்றால் “சவுண்டு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் ஆபரேட்டருக்கு ஒன்றும் விளங்காது. காது வலிக்கிறது என்றால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினால் போதும். இசை நன்றாகக் கேட்டு வசனம் மட்டும் மங்கலாக இருந்தால் திரைக்குப் பின்னால் இருக்கும் நடு ஸ்பீக்கரில் கோளாறு இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் சத்தமில்லை என்றால் சுவர் ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும். எது என்று தெளிவாகச் சொல்லுங்கள், அதுவும் இண்டர்வெலுக்குக் காத்திராமல் முதல் பத்து நிமிடத்துக்குள்.