வேலூர் வெயிலில் ஒரு சொட்டு மெழுகு செய்யும் வேலை

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தினமும் வேலூர் போய்வர பழைய மாருதி 800 ஒன்று வாங்கினேன். கழற்றிப் பார்த்தால் உள்ளே தெர்மோஸ்டாட் வால்வே இல்லை. 'நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார், தண்ணி ஃப்ரீயா ஓடட்டும்' என்கிறார் மெக்கானிக். புதுசு வாங்கி மாட்டணுமா?"

கட்டாயம் மாட்டுங்கள். வெயில் ஊருக்கு வால்வு வேண்டாம் என்பது பட்டறைக்குப் பட்டறை பரவிக் கிடக்கும் தவறான நம்பிக்கை.

எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது, காற்று அதை வாங்கிக்கொள்கிறது. இது பள்ளிப் பாடம். அந்த வழியில் கதவாக நிற்பதுதான் இந்த வால்வு. கதவைத் திறப்பது மெழுகு.

மெழுகுவர்த்தியை உருக்கி ஒரு டம்ளரில் ஊற்றி ஆறவிட்டுப் பாருங்கள். இறுகியபின் நடுவில் குழி விழுந்திருக்கும். மெழுகு இறுகும்போது சுருங்கும், உருகும்போது பருக்கும். பருமன் 10 முதல் 15 சதவீதம் வரை கூடும். வால்வின் நடுவில் இருக்கும் சின்னப் பித்தளைக் குப்பிக்குள் பாரஃபின் மெழுகும், சூடு சீக்கிரம் பரவ செம்புத் தூளும் அடைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு ரப்பர் உறை, உறைக்குள் ஓர் எஃகு ஊசி. உருகிய மெழுகுக்குப் போக இடமில்லை. ரப்பரை நெரிக்கிறது, ஊசி பிதுங்குகிறது. ஊசியின் மறுமுனை சட்டத்தில் ஊன்றியிருப்பதால் குப்பிதான் நகர வேண்டும். அது ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு நகர, கதவு திறக்கிறது. ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மின்சாரமும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம்.

இதைவிட அழகு ஒன்று உண்டு. ஒரே வகை மெழுகாக இருந்தால் எல்லாம் ஒரே சூட்டில் உருகி, கதவு பட்டென்று திறந்துகொள்ளும். இதுவோ நீளம் வேறுபட்ட கார்பன் சங்கிலிகளின் கலவை. குட்டையானவை முதலில் உருகும், நீளமானவை பிறகு. அதனால் கதவு 82 டிகிரியில் கண்ணைத் திறந்து, 95 டிகிரியில்தான் முழுக்கத் திறக்கிறது. 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் இந்த மெழுகு வால்வை உருவாக்குவதற்கு முன், ஆவியாகும் திரவம் அடைத்த துருத்திதான் இந்த வேலையைச் செய்தது. சுற்றிலும் அழுத்தம் ஏறினால் துருத்தி ஏமாந்துவிடும், மெழுகு ஏமாறாது. குக்கர் போல, சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தத்தில் மூடிவைத்த ரேடியேட்டருக்கு இதுதான் பொருத்தம்.

இதே குடும்பத்து மெழுகைச் சுவரில் பதித்துப் பகல் சூட்டை உறிஞ்சவைக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் வேகும் நம் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு அதற்கென்று நிதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வால்வைக் கழற்றினால் என்ன ஆகும்? வால்வு இருந்தாலும், வெளியே 42 டிகிரி அடித்தாலும், தண்ணீர் 95 டிகிரியைத் தாண்டினால் கதவு முழுக்கத் திறந்தே இருக்கும். ஆக, வெயிலில் அதைக் கழற்றுவதால் பெரிய லாபம் இல்லை. நஷ்டம் காலையில். நெடுஞ்சாலையில் காற்று அடிக்க அடிக்க எஞ்சின் சூடே ஏறாது. ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல், ஆயில் மூடிக்கு அடியில் பால் டீ நிறத்தில் பிசுக்கு ஒட்டும். அதைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியானால், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் விழும்.

வண்டி ஹீட் ஆவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. பாலாற்றங்கரை போர்வெல் தண்ணீர் உப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவால் அது எவ்வளவு கெட்டது என்பது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போன கதை. அந்தத் தண்ணீரை ஊற்றினால், வெந்நீர் ஹீட்டர் கம்பியில் படியும் அதே வெள்ளைப் பொருக்கு ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். குளோரைடு அலுமினிய ஹெட்டை அரித்துக் குழி போடும். கணக்கும் நமக்கு எதிராகத்தான் இருக்கிறது: தண்ணீர் 90 டிகிரி, காற்று 15 டிகிரி என்றால் வித்தியாசம் 75. காற்று 42 என்றால் வெறும் 48. பாதி அடைத்த ரேடியேட்டர் ஜனவரியில் சமாளித்துவிடும், மே மாதத்தில் கையை விரித்துவிடும்.

செம்பு, பித்தளை ரேடியேட்டரானால் கழற்றி, ராடு விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய வகை அடைத்துவிட்டால் மாற்றுவதே மேல். புது வால்வை மாட்டும் முன் நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடேற்றுங்கள். 82-க்குப் பக்கத்தில் இமை பிரிவது கண்ணுக்குத் தெரியும். வால்வு பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்கி, காற்று போகும் சிறு ஆணி மேலே, கேஸ்கெட் புதுசு. போர்வெல் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் என்னும் குளிர்விப்புத் திரவத்தை ஊற்றுங்கள்; அது அடர்த்தியாக வருவதானால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள், கலந்தே வருவதில் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது காற்றை வெளியேற்றுவது. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, வண்டிக்குள் இருக்கும் ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, திடீரென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போகும்போதும் இதே சோதனைதான். ரேடியேட்டர் கழுத்தில் குமிழி நின்றதும் நிரப்பி மூடுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அப்போதுதான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஓடிய வண்டியில் மட்டும் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் 100-க்கு மேல் ஏறியிருக்கும் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

மறுநாள் காலை, எடுக்கும் முன், ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தால் மிச்சக் காற்று வெளியேறியிருக்கிறது, அதே கூலன்டால் நிரப்புங்கள். தினமும் இறங்கினால் வாட்டர் பம்புக்கு அடியில் கசிவுக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.