பகா எண்: நாம் பகுக்காததா, தானே பகாததா?

பிரைம் நம்பருக்குத் தமிழில் பகா எண் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம், ஆனால் அந்தப் 'பகா' என்ன என்று யாரும் நின்று கேட்பதில்லை. பகாத எண் என்பதில் ஈறு போய்ப் பகா எண் ஆனது, செல்லாத காசு செல்லாக் காசு ஆன மாதிரி. இலக்கணத்தில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பார்கள்.

நன்னூல் படித்தவர்களுக்கு இது பழகிய சொல்தான். பகுதி, விகுதி என்று பிரிகிற சொல் பகுபதம்; மண், நீர் மாதிரிப் பிரித்தால் பொருள் தராத சொல் பகாப்பதம். எண்ணிலும் அப்படியே. 91 பார்க்கப் பகாதது போலத்தான் இருக்கும், ஆனால் 7 × 13 என்று பிரிந்துவிடும், அதனால் பகு எண். 97 அப்படித் தன்னைவிடச் சிறிய இரண்டு எண்களின் பெருக்கமாகப் பிரியாது, அதனால் பகா எண். 1 இரண்டிலும் சேராது. (பகு எண்ணைச் சிலர் கலப்பு எண் என்று எழுதிவிடுகிறார்கள், அது வேறு, கற்பனைப் பகுதியும் சேர்ந்த எண்ணுக்கு அந்தப் பெயர்.)

பிரைம் என்பது 'முதல்' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, யூக்ளிட் வழங்கிய கிரேக்கச் சொல்லுக்கும் அதே பொருள்தான். இலங்கையில் வழங்கும் முதன்மை எண் அதன் நேர் பெயர்ப்பு. தவறே இல்லை, ஆனாலும் எனக்குப் பகா எண்தான் பிடிக்கும். ஏனென்றால் பகுத்தல் நாம் செய்வது, பகுதல் அதுவாகப் பிரிவது. பகா எண் என்றால் நாம் இன்னும் பகுக்காத எண் இல்லை, தன் இயல்பிலேயே பகாத எண்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது ஒரு பெரிய எண்ணில் தெரியும்: 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருகிற 147573952589676412927. இதைப் பகா எண் என்று 1644-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் தன் பட்டியலில் சேர்த்துவிட்டார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அது பகு எண் என்று நிறுவினார், ஆனால் அதன் காரணி ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காமலே! அவருடைய சோதனை பகுமா பகாதா என்று மட்டும் சொல்லும், எதனால் பகும் என்று சொல்லாது. அப்புறம் 27 ஆண்டுகள் அது பகும் எண், ஆனால் யாரும் பகுக்காத எண். காரணி எதுவானாலும் அதை 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பது தெரியும், அப்படிச் சலித்த பிறகும் கையால் தேட மலையளவு எண்கள் மிச்சம். 1903-இல் அமெரிக்கக் கணிதவியல் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார் என்று சொல்லப்படுகிறது. அந்த இரண்டுமே பகா எண்கள்.