ஓதம் பிடித்த பழைய சுவருக்குச் சீமெந்து பூச வேண்டாம்

கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் பழைய சுவர்களின் அடியில் உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். மேசனைக் கூப்பிட்டுச் சீமெந்து பூசி, மேலே பெயின்ற் அடித்து விடுவார்கள். அடுத்த மாரியில் அதே கறை புதுப் பூச்சுக்கு மேலே ஏறி நிற்கும்.

திருகோணமலையின் பழைய வீடுகளில் பல, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. அத்திவாரத்துக்கு மேல் ஓதத்தை, அதாவது நிலத்து ஈரத்தை, மறிக்கும் தடுப்புப் படை கிடையாது. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விடும். சீமெந்து அந்த வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறித்தான் வெளியேறும். ஈரம் காய்ந்தாலும் உப்பு சுவரிலேயே தங்கிவிடும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் கடலுப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையும். டைக் வீதிப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் வீடுகளில் மழையே இல்லாத நாளிலும் சுவர் வியர்ப்பது இதனால்தான்.

முதலில் ஈரம் வரும் வழியைப் பிடியுங்கள். நிலத்திலிருந்து மூன்றடிக்குள் நேர்கோடாகக் கறை நின்றால் நிலத்து ஈரம். மேலிருந்து இறங்கினால் ஓடோ பீலியோ. நடுச்சுவரில் வட்டமாக இருந்தால் உள்ளே போகும் குழாயைச் சோதியுங்கள். வடகிழக்குச் சுவர் மட்டும் மாரியில் நனைந்தால் அடிக்கும் மழை. சந்தேகமிருந்தால் ஓரடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் இறுக ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் துளிர்த்தால் காற்றோட்டம் போதவில்லை.

வெளியே வளவு மண் வீட்டு நிலமட்டத்திலிருந்து ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். வருடக்கணக்காகக் கூட்டி ஒதுக்கிய மண்ணும் பூச்சட்டிகளும் அந்த இடைவெளியை மூடிவிடுகின்றன. அதை வெட்டி எடுப்பதும் பீலித் தண்ணீரைச் சுவரடியில் கொட்டாமல் தூர விடுவதுமே பாதி வேலை. செலவும் குறைவு.

பிறகு கறைக்கு மேல் ஓரடி சேர்த்துப் பழைய பூச்சைக் கொத்தி, செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ள வேண்டும். கழுவினால் கரைந்து திரும்பவும் உள்ளே போகும். காய விடும் காலத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலமளவே காயும். ஒன்பது அங்குலச் சுவரென்றால் இரு பக்கமும் திறந்து விட்டால்தான் ஒரு கச்சான் காலம் போதும்.

பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு. சுண்ணாம்பு ஒரு நாளாவது ஊறட்டும், ஒரு கிழமை ஊறினால் இன்னும் நல்லது. கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் ஆகாது. ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் பூசினால் வெடிக்கும். ஈரச்சாக்கு கட்டி நாலைந்து நாள் வெயில் படாமல் பாருங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும், எமல்ஷன் அல்ல.

பச்சைப் பாசி படிந்த இடம் தண்ணீர் வரும் தடயம்; சுரண்டுமுன் அதைப் பாருங்கள். காய்ந்தபின் நைலோன் தூரிகையே போதும். கம்பித் தூரிகையும் அழுத்தநீர் இயந்திரமும் சுண்ணாம்புச் சாந்தைப் பெயர்த்துவிடும். அசிட் சுண்ணாம்பைக் கரைக்கும்; பிளீச்சுடன் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து.

சுவரில் முளைக்கும் அரசங்கன்று, ஆலங்கன்றுகளை மாரி ஈரத்தில் இரண்டிலைப் பருவத்திலேயே வேரோடு பிடுங்குங்கள். தண்டு விரல் மொத்தமாகிவிட்டால் இழுக்கக் கூடாது, சுவரும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டி, துளிர்க்கும் ஒவ்வொரு முறையும் வெட்டுங்கள். அப்படியும் சாகாவிட்டால் சுற்றியுள்ள கற்களைக் கழற்றி, வேரை முழுதாக எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தில் திரும்ப வையுங்கள்.

கொங்கிறீற் நிழற்தட்டின் கீழ் கபிலக் கோடு தெரிந்தால் உள்ளே கம்பி கறள் பிடித்திருக்கிறது. அதற்குத் தனி வேலை, பூச்சால் தீராது.

கடைசிப் பூச்சு ஆவணிக்குள் முடியட்டும். ஐப்பசி மழைக்கு முன் இறுகாத சுண்ணாம்பு கழுவுண்டு போய்விடும்.