பட்ஜெட்: தோல் பையிலிருந்து வந்த சொல்

பட்ஜெட் என்ற சொல்லுக்கு முதலில் பணக்கணக்கோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது, அதன் பொருள் வெறும் தோல் பை. லத்தீனில் புல்கா என்றால் தோல் பை, அது பிரெஞ்சில் பூழ் ஆகி, சின்னப் பையைக் குறிக்க பூழெத் என்று நீண்டு, 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்புறம் பைக்குள் இருப்பதையும் அதே பெயரால் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சரி, பை எப்படி அரசாங்கக் கணக்கானது? 1733இல் பிரிட்டனில் பிரதமர் ராபர்ட் வால்போல் கொண்டுவந்த வரித் திட்டத்தைக் கிண்டலடித்து, அவரைப் பையைத் திறந்து மருந்து காட்டும் போலி வைத்தியராகச் சித்திரித்து ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. தலைப்பே 'பட்ஜெட் திறக்கப்பட்டது' என்பதுதான். கிண்டல் மறைந்துபோனது, சொல் நிலைத்துவிட்டது. பிரிட்டன் நிதியமைச்சர் இன்றும் பட்ஜெட் நாளில் சிவப்புப் பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறார். நம் நிதியமைச்சர்களும் தோல் பெட்டியோடுதான் வந்தார்கள், 2019இல் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் ஆவணங்களைச் சிவப்புத் துணியில் சுற்றிக் கொண்டுவரும் வரை.

இனி தமிழுக்கு வருவோம். அரசமைப்புச் சட்டத்தின் 112ஆம் பிரிவு சொல்வது 'ஆண்டு நிதிநிலை அறிக்கை'. அரசு தாக்கல் செய்யும் ஆவணத்துக்கு இது கச்சிதம், ஆனால் கல்யாணச் செலவுக்கு யாரும் நிதிநிலை அறிக்கை போடுவதில்லை. வீட்டுக்கும் சங்கத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் 'வரவு செலவுத் திட்டம்' தான் சரி, கேட்டதும் புரிகிறது. செலவு வரவை மிஞ்சினால் 'துண்டு விழுகிறது' என்கிறோமே, பற்றாக்குறை என்பதைவிட அதில் எவ்வளவு உயிர் இருக்கிறது!

இலங்கைத் தமிழ் ஊடகங்களில் 'பாதீடு' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது. புதிதாகச் செய்ததுபோல் தோன்றினாலும் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, பகைவரின் மாட்டு மந்தையை, அதாவது ஆநிரையை, கவர்வதைப் பாடும் வெட்சித் திணையின் துறைகளைச் சொல்லும் இடத்தில் 'தந்துநிறை பாதீடு உண்டாட்டுக் கொடை' என்று வரும். கவர்ந்த ஆநிரையை ஊருக்கு ஓட்டிவந்து நிறுத்துவது தந்துநிறை, அதை வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது பாதீடு, அப்புறம் கள்ளுண்டு கொண்டாடுவது உண்டாட்டு. பாத்தல் என்றால் பகுத்தல், குறளில் வரும் 'பாத்தூண்' கூட அந்த வேர்தான். இருப்பதை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதுதானே பட்ஜெட்டின் பாதி வேலை? மீதிப் பாதியான வரவை இந்தச் சொல் தொடுவதில்லை, அது ஒரு குறைதான். ஆனாலும் சின்னதாக இருக்கிறது, இடைக்காலப் பாதீடு, பாதீட்டு விவாதம் என்று எதனோடும் இடறாமல் சேர்கிறது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

பட்ஜெட் போன், பட்ஜெட் ஹோட்டல் என்பதற்கு மட்டும் இந்த மூன்றையும் இழுக்க வேண்டாம். அங்கே பட்ஜெட் என்றால் விலை குறைவு என்றுதான் அர்த்தம், மலிவு விலை போன் என்றே எழுதிவிடலாம்.