மூங்கில் துப்பாக்கியின் மேல் சுற்றிய நூல்

பழனி மலைத்தொடரில் தாண்டிக்குடிப் பக்கத்துப் பள்ளியொன்றில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய மாணவர்கள் விடுமுறை நாள்களில் மூங்கிலால் காற்றுத் துப்பாக்கி செய்து, வார்னிஷ் பூசி, கம்பியைச் சூடாக்கிக் கோலம் சுட்டு, நூல் சுற்றி அழகுபடுத்துகிறார்களாம். நூல் சுற்றிய குழல்கள் நெடுநாள் தாங்குவதையும், சுற்றாத குழல்கள் பனிக்காலம் முடிவதற்குள் நீளவாக்கில் பிளந்துவிடுவதையும் அவர் கவனித்திருக்கிறார். காரணம் கேட்டால், கறுப்பு நூல் கட்டிய பொருளுக்குக் கண் படாது என்று பையன்கள் சொல்கிறார்களாம். நூலுக்கும் பிளவுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்பது அவர் கேள்வி.

உண்டு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் துப்பாக்கியின் வேலையை விரைவாகப் பார்த்துவிடலாம். இரு முனையும் திறந்த, கணுவில்லாத ஒரு மூங்கில் குழல். அதன் வாயில் ஈரக் காகித உருண்டை ஒன்றை இறுக்கமாக அடைத்து, பின்முனையில் இன்னோர் உருண்டையை வைத்துக் கோலால் தள்ளினால், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட காற்று சுருங்கி, பாயில் விதிப்படி அதன் அழுத்தம் ஏறுகிறது. முன் உருண்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கும் உராய்வை அழுத்தம் மீறியதும் உருண்டை நகரத் தொடங்குகிறது. நகரும் பொருளின் மேல் உராய்வு, நிற்கும் பொருளின் மேல் இருப்பதைவிடக் குறைவு என்பதால், ஒருமுறை அசைந்த உருண்டை பிறகு நிற்பதில்லை. அது வெளியேறியதும் பின்னாலிருந்த காற்று சட்டென விரிவதே நாம் கேட்கும் வெடிச்சத்தம்.

மலையில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. 20 சென்டிமீட்டர் காற்றுத் தம்பமும் 10 மில்லிமீட்டர் துளையும் கொண்ட குழலில், முன் உருண்டையை அசைக்க 20 நியூட்டன், அதாவது ஏறத்தாழ இரண்டு கிலோ எடையின் விசை தேவை என்று வைத்துக்கொள்வோம். காற்று சூடேறுவதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், கடல்மட்டத்தில் அந்தத் தம்பம் 5.7 சென்டிமீட்டராகச் சுருங்கும்போது உருண்டை விடுபடும். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் நகரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேல் என்பதால், அதே குழலில் 4.7 சென்டிமீட்டர் வரை தள்ள வேண்டும். தேங்கும் ஆற்றல் இரண்டு இடத்திலும் ஒரு ஜூலுக்குச் சற்றுக் குறைவு. போட்டிகளில் பயன்படும் 10 மீட்டர் ஏர் ரைபிளின் குண்டு ஏழு ஜூல் அளவில் வெளியேறுகிறது என்பதோடு ஒப்பிட்டால் இது விளையாட்டுப் பொருள்தான். ஆயினும் அருகிலிருந்து கண்ணில் பட்டால் விளையாட்டாக முடியாது. ஈரக் காகிதத்தைத் தவிர வேறெதையும் அடைக்கக் கூடாது, பறவைகளை நோக்கி நீட்டக் கூடாது. பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கும் அந்தப் பொல்லாத சாதனத்தை இதன் அண்ணன் என்று எண்ணி யாரும் தொடவே கூடாது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் அது பல குழந்தைகளின் கண்களைக் காயப்படுத்தியது.

இனி பிளவுக்கு வருவோம். எனக்கு இந்தப் பொம்மையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மூங்கிலின் இரு கணுக்களுக்கு இடையிலுள்ள நார்கள் அனைத்தும் ஒரே திசையில், நீளவாக்கில் ஓடுகின்றன. மரங்களில் மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிக் குறுக்கே செல்லும் திசுக்கள் உண்டு. மூங்கிலின் கணுவிடைப் பகுதியில் அவை இல்லை. கூடை முடைபவர் மூங்கிலின் தலைப்பில் கத்தியை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையால் விரித்தால், பிளவு தானாகவே நேராக ஓடுவது இதனால்தான். நார்வாக்கில் இழுத்தால் நூறு மெகாபாஸ்கலுக்கு (ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன்) மேல் தாங்கக்கூடிய மூங்கில், குறுக்குவாக்கில் இழுத்தால் சில மெகாபாஸ்கலிலேயே பிரிந்துவிடுகிறது.

அழுத்தப்பட்ட காற்றோ, குழலை எந்தத் திசையில் மூங்கில் பலவீனமாக இருக்கிறதோ அந்தத் திசையில்தான் அதிகமாக இழுக்கிறது. குழலை நீளவாக்கில் இரண்டு அரைக்குழல்களாகக் கற்பனை செய்துகொண்டு, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முயலும் காற்றின் விசையைச் சுவரின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது வளையத் தகைவு (தகைவு என்பது ஓரலகு பரப்பின் மேல் விழும் விசை). அதே காற்று குழலை நீளவாக்கில் இழுப்பதால் தோன்றும் தகைவைத் தனியே கணக்கிட்டால், மெல்லிய சுவர் கொண்ட குழலில் அது வளையத் தகைவில் சரிபாதிதான். நம்முடைய குழலின் சுவர் 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால், வளையத் தகைவு 0.6 மெகாபாஸ்கலை ஒட்டி வரும். நல்ல மூங்கிலை உடைக்க அது போதாது. ஆகவே காற்று மட்டும் குழலைப் பிளக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு மயிரிழைக் கீறலை நீட்டுகிறது.

அந்தக் கீறல் பனிக்காலத்தில் வருகிறது. மார்கழி, தை மாதங்களில் மழை ஓய்ந்து வானம் வெளுத்துக் காற்று வறண்டுவிடும்போது மூங்கில் ஈரத்தை இழந்து சுருங்குகிறது. வெட்டுமுகம் திறந்திருக்கும் வாய்ப்புறம் முதலில் காய்வதால், அங்கே சுவர் சுருங்க விரும்புகிறது, உள்ளே தள்ளியிருக்கும் ஈரமான பகுதி அதற்கு இடம் கொடுப்பதில்லை. விளைவாக வாயின் ஓரத்தில் மிக நுண்ணிய பிளவு ஒன்று தோன்றுகிறது. வெயிலுக்கு நேராகக் குழலைப் பிடித்து, ஓரத்தை நகத்தால் மெல்ல வருடினால் நகம் தட்டும். தகைவு முழுவதும் அந்தப் பிளவின் நுனியில் குவிவதால், ஒவ்வொரு வெடிக்கும் அது நாருக்கு நார் சற்றே முன்னேறுகிறது.

இப்போது நூலைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நூலை இடைவெளியின்றிச் சுற்றினால் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருபது சுற்று வரும். சுற்றும்போது இருநூறு கிராம் எடை அளவுக்கு இழுத்துப் பிடித்தால், அதாவது ஏறத்தாழ 2 நியூட்டன் இழுவிசையில் சுற்றினால், அந்த ஒரு சென்டிமீட்டரில் சுவரின் ஒவ்வொரு பக்கத்தையும் நூல் 40 நியூட்டன் விசையுடன் இறுக்கிப் பிடிக்கிறது. காற்று அதே இடத்தைப் பிரிக்க முயல்வது வெறும் 13 நியூட்டன். அடுத்தடுத்த சுற்றுகள் முந்தைய சுற்றுகளைச் சற்றுத் தளர்த்தும் என்றாலும், கணக்கு நூலின் பக்கம்தான். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, நீரூற்றிக் குளிர்வித்து இறுக்குகிறார்களே, அதே வேலையை இங்கே நூல் செய்கிறது: சுமை வருவதற்கு முன்பே பொருளை நெருக்கி வைத்துவிடுகிறது. காற்றழுத்தம் முதலில் அந்த நெருக்கத்தைத் தளர்த்தி முடித்த பிறகே கீறலின் வாயைத் திறக்க முடியும். அதற்குள் உருண்டை பறந்துவிடுகிறது.

இந்த உத்தி பெரிய இடங்களில் எல்லாம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படையின் பீரங்கிகளுக்கு எஃகுக் கம்பியை இழுத்துச் சுற்றினார்கள். நம்முடைய பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் மூன்றாம் கட்ட எரிகூடு கெவ்லார் என்னும் வலுவான செயற்கை இழையைச் சுற்றிச் செய்யப்படுகிறது. இழை ஒன்றே குழலின் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருந்தால், அச்சுக்கு 54.7 பாகைக் கோணத்தில் அதைச் சாய்த்துச் சுற்றுவது பொருத்தமானது என்று ஓர் அழகான கணக்கு உண்டு. சுற்றுவாக்கில் இரண்டு பங்கும் நீளவாக்கில் ஒரு பங்கும் தாங்க வேண்டும் என்ற விகிதத்திலிருந்தே அந்தக் கோணம் பிறக்கிறது. மூங்கில் துப்பாக்கிக்கு அந்தச் சாய்வு வேண்டாம். நீளவாக்கில் தாங்கும் வேலையை மூங்கில் நாரே தாராளமாகச் செய்வதால், நூல் குறுக்காக, வளையம் வளையமாக நெருங்கிச் சுற்றினால் போதும். மாணவர்கள் பலரும் ஆசைப்படும் வைரக் கட்டப் பின்னல் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதன் சாய்ந்த இழைகள் பிளவைப் பிடிப்பதில் பாதிச் சோம்பேறிகள்.

எங்கே சுற்றுவது என்பதும் முக்கியம். அழுத்தம் உச்சத்தை அடையும்போது காற்று முழுவதும் வாயை ஒட்டிய 5 சென்டிமீட்டருக்குள் அடைபட்டிருக்கிறது. இறுக்கமான உருண்டை ஆப்புப் போலச் சுவரை விரிப்பதும், காய்ந்த கீறல் தொடங்குவதும் அங்கேதான். ஆகவே வாயிலிருந்து நான்கு விரற்கடை நீளத்துக்கு நூல் உழைக்கிறது, பின்பாதியில் சுற்றிய நூல் அழகுக்கு மட்டும். கம்பியால் சுட்டுக் கோலமிடுபவர்களும் இதை நினைவில் வைத்து, வாய்ப்புறத்தில் நீளக் கோடுகளை ஆழமாகச் சுடாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் நாரின் போக்கிலேயே வெட்டிய பள்ளம் பிளவுக்குப் போட்டுக்கொடுத்த தடம். குறுக்கு வளையக் கோடுகளால் அந்த ஆபத்து இல்லை. வெட்டுமுகத்தில் வார்னிஷ் பூசுவதும் ஈரம் வேகமாக வெளியேறாமல் தடுப்பதால், அதையும் வெறும் மினுக்கு என்று தள்ளிவிட முடியாது.

கறுப்பு நூல் பற்றிய நம்பிக்கையை மாணவர்களிடம் கேலி செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. நூல் கட்டிய குழல் பிளக்கவில்லை என்று அவர்கள் கண்டது சரி, காரணம்தான் தவறு. ஒரே மூங்கிலில் அறுத்த குழல்களில் ஒன்றுக்குக் கறுப்பு நூலை இறுக்கமாகவும், இன்னொன்றுக்கு அதே கறுப்பு நூலைத் தளர்வாகவும், மூன்றாவதற்குச் சிவப்பு நூலை இறுக்கமாகவும் சுற்றிப் பார்த்தால் கண்ணேறு விடைபெற்றுவிடும். இதற்குத் தேவையான கருவி ஒரு சுருள்வில் தராசு மட்டுமே. பள்ளிகளுக்குத் திரையும் கணினியும் வாங்க எளிதாகக் கிடைக்கும் பணம், சில நூறு ரூபாய் விலையுள்ள அந்தத் தராசுக்கு மட்டும் கிடைக்காமல் போவது எனக்கு நெடுநாள் எரிச்சல்.

எந்த நூல் என்பதையும் ஆசிரியை கேட்டிருந்தார். நைலான் ஈரத்தை உறிஞ்சி இளகுவதோடு, இழுத்துக் கட்டிய நிலையில் நாளடைவில் நீண்டும் விடுவதால், மேகம் வந்து மூடும் மலையூருக்கு அது ஏற்றதல்ல. முறுக்கிய பருத்தி நூல் நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். மூங்கில் காய்ந்து பிளக்கப் பார்க்கும் அதே நாளில் அது கைவிடும் என்பது இதன் குறை. தையல் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் நூல் ஈரத்தை அநேகமாகப் பொருட்படுத்துவதில்லை. அதைச் சுற்றி, கடைசி முனையைச் சுற்றுகளுக்கு அடியில் இழுத்து மறைத்து, மேலே மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகு சுடத் தொடங்கலாம்.